உயர்த்திய வண்டியில் உன் அம்மா

மகனே,

போன வாரம் நீ போனில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தாய். மூன்றும் ஷாக் அப்சார்பர். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, மூன்றாவதன் தலையில் ஒரு குமிழ். அதைத் திருகினால் வேண்டியபடி இறுகும், இளகும் என்று கீழே எழுதியிருந்தது. நீ எழுதியது ஒரே வரி: 'நைனா, இதில் எது எடுக்கலாம்?' அதற்கு இரண்டு நாள் முன்பு உன் அம்மாவிடம் வேறொரு கேள்வி கேட்டிருக்கிறாய். சத்தியவேட்டில் நீயும் லாவண்யாவும் எங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோயிருக்க, இரண்டே நாள் தங்கிவிட்டுப் பிச்சாட்டூருக்குத் திரும்பி வந்து, இனி அங்கே வரமாட்டேன் என்று ஏன் சொல்கிறாள் என்பது அந்தக் கேள்வி. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அவள். நீ நம்பவில்லை. மருமகள் லாவண்யா தெலுங்குப் பெண் என்பதுதான் காரணம் என்று நீயே முடிவு செய்து, அதையும் அவளிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அன்றிலிருந்து நீ அவளிடம் பேசவில்லை. அவள் தினமும் போனைத் துடைத்துச் சார்ஜில் போடுகிறாள். நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி. வண்டி ஓட்டிக்கொண்டே படிக்காதே.

முதலில் வண்டியைப் பேசிவிடலாம். வண்டி விஷயத்தில் நான் சொன்னால் கேட்பாய். மற்ற விஷயங்களில் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வாய். உன் பிக்கப்பை முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. சத்தியவேட்டிலிருந்து ஸ்ரீ சிட்டிக்கு நீ தினமும் போகும் சாலை, கன்டெய்னர் லாரிகளுக்காகப் போட்டது. நம் வீட்டு முற்றத்தைவிட மட்டமாக இருக்கிறது. அந்த வழியில் உன் வண்டி கடக்க வேண்டிய மிகக் கடுமையான நிலப்பரப்பு, உன் பேக்டரி வாசலில் செக்யூரிட்டிக்காரர்கள் போட்டிருக்கும் வேகத்தடை. ஆனாலும் உயரம் வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றினால் அதற்குச் சாலை காரணமாக இருக்க வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வண்டியின் கனத்தைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் என்று நினைத்துக்கொண்டு, கனமான வண்டிக்குக் கனமான ஷாக் அப்சார்பர் கேட்பவர்கள் நிறையப் பேர். தாங்குவது, சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்திருக்கும் கமான் பட்டை. அதற்கு ஒரு கெட்ட குணம்: ஒரு தடவை ஆட ஆரம்பித்தால் கல்யாண மேடையில் மைக் கிடைத்த சொந்தக்காரர் மாதிரி, தானாக நிறுத்தத் தெரியாது. கையைப் பிடித்து உட்காரவைப்பதற்குத்தான் ஷாக் அப்சார்பர். மெதுவாகப் பிடித்தால் அவர் இன்னும் பத்து நிமிடம் பேசுவார். முரட்டுத்தனமாக இழுத்தால் மேடையே கவிழும். உன் வண்டியின் மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிடு. மேலே வந்து, ஒரு தடவை தாழ்ந்து, நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

உயர்த்திய வண்டிக்கு அளவுதான் முதல் விஷயம், நிறம் கடைசி. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை எத்தனை அங்குலம் என்று அள. பிறகு சக்கரத்தை மேலே ஏற்றி, தடுப்பு ரப்பர் தொடும் இடத்தில் இன்னொரு தடவை அள. நீ வாங்குவது, முதல் அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக நீள வேண்டும். இரண்டாவது அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்க வேண்டும். உயர்த்திய பிறகும் பழையதையே விட்டுவைத்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அது முழுக்க நீண்டு, மேலும் நீள வழியில்லாமல் வண்டியைச் சுண்டி இழுக்கும். பயந்துபோய் மிக நீளமானதை வாங்கினால், மேட்டில் அது உள்ளேயே தரைதட்டி, எண்ணெயை அடைக்கும் ரப்பரைக் கிழித்துக்கொள்ளும். வீடியோவில் பேசும் உன் நண்பர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. அவர்கள் மலை மேல் நின்று பேசுவதால், கீழே குனிந்து அளக்க நேரம் இருப்பதில்லை.

அடுத்தது இறுக்கம். மஞ்சள் உனக்கு வேண்டாம். பின்னால் ஒரு டன் சரக்கோடு காட்டில் ஓடுகிறவனுக்கு அது. உன் பின்பக்கத் தொட்டியில் நான் இதுவரை பார்த்த சரக்கு: மாதம் ஒரு தடவை கேஸ் சிலிண்டர், எப்போதும் ஒரு கிரிக்கெட் மட்டை. மற்ற நாளெல்லாம் நீயும் உன் டிபன் டப்பாவும். காலி வண்டிக்கு முரட்டு ஷாக் அப்சார்பர் போட்டால், சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் அது உனக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும். குமிழ் வைத்ததும் வேண்டாம். அது நல்ல பொருள்தான். வாங்குகிறவனைத்தான் எனக்குத் தெரியும். முதல் வாரம் தினமும் திருகுவாய். இரண்டாவது வாரம் யாரோ ஒருவன் சொன்னான் என்று கடைசி இறுக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோவாய். சிவப்பை எடு. அளவு பொருந்தும் பட்சத்தில், எண்ணெயோடு கொஞ்சம் கேஸும் சேர்த்த சாதாரண ரகமான அதுதான் தினமும் ஓட்டும் உயர்த்திய வண்டிக்குச் சரி. இதை நான் சந்தேகத்தோடு சொல்லவில்லை. உன் அம்மாவைக் கொண்டு கற்றுக்கொண்ட பாடம் இது.

உனக்குத் தெரிந்த கதை: அம்மாவுக்கு இடுப்புவலி வந்தது, நீ கைக்குழந்தையாக இருந்தபோது தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்ததால். அந்தக் குடத்தை நான் செய்தேன். அப்படி ஒரு குடம் விழவே இல்லை.

நாட்டைத் திறந்துவிட்டார்கள் என்று நான் பேப்பரில் படித்த காலம் அது. திறந்த கதவு வழியாக எங்கள் பக்கம் முதலில் குளிர்பானம் வந்தது, பிறகு டிஷ் ஆன்டெனா வந்தது, பிறகு சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் பேக்டரிகள் வந்தன. அப்போது நாங்கள் வெதுருகுப்பத்தில் குடியிருந்தோம். அடுத்தவர் லாரியில் பத்து வருடம் ஸ்டீயரிங் பிடித்த பிறகு, சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தேன். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் பேக்டரிக்குப் போவேன். சாயங்காலம் கொண்டுவந்து விடுவேன். ஒன்பது பேர் உட்காரும் வண்டி என்று அதன் புத்தகத்தில் இருந்தது. நான் நிறையப் படிக்கிறவன் என்றாலும் அந்தப் புத்தகத்தை மட்டும் அதிகம் திறந்ததில்லை. உன்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு உன் அம்மாவும் அதே ஜீப்பில் வந்தாள். பேக்டரியில் பழம் அறுக்கும் இடத்தில் வேலை. சம்பளம் போகாமல் இருக்க அவள் தினமும் போனாள். டிக்கெட் போகாமல் இருக்க நான் அவளைக் கடைசியில், பின் சக்கரத்துக்கு நேர் மேலே, பலகையின் ஓரத்தில் உட்காரவைத்தேன். முன் சீட் காசு கொடுப்பவர்களுக்கு. இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு இது எனக்கு நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது.

ஜீப்பின் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் ஒழுகிச் செத்துப்போயிருந்தன. சின்னப் பள்ளத்துக்கெல்லாம் பின்பக்கம் தூக்கி அடித்தது. பெண்கள் திட்டினார்கள். ஒரு லீவு நாளில் திருப்பதிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ரேணிகுண்டா ரோட்டில் மஸ்தான் என்று ஒரு மெக்கானிக். கெட்டிக்காரர், அதிகம் பேசமாட்டார், தெலுங்கு மட்டும் பேசுவார். இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பேச்சில் 'எத்து' என்றால் உதை. தெலுங்கில் 'எத்து' என்றால் உயரம். தூக்கு என்றும் பொருள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தெலுங்கு வாக்கியத்தின் நடுவில் தமிழ் வார்த்தையைச் செருகிப் பேசியே வளர்ந்தவர்கள் நாம். எது எந்த மொழி என்று வாய் பார்ப்பதில்லை. பெரும்பாலும் யாருக்கும் நஷ்டமும் வருவதில்லை.

"அண்ணா, பண்டி வெனக எத்துத்துந்தி" என்றேன். வண்டி பின்னால் உதைக்கிறது என்று சொன்னதாக என் நினைப்பு.

"வெனக எத்தாலா?" என்றார். பின்னால் தூக்க வேண்டுமா என்று அவர் கேட்டார். பின்னாலா உதைக்கிறது என்று எனக்குக் கேட்டது.

"அவுனு. பாக எத்து" என்றேன். ஆமாம், நல்ல உதை என்று நான் சொன்னேன். நன்றாகத் தூக்கு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வண்டியை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு எதிரே சாப்பிட்டு, பழைய புத்தகக் கடை ஒன்றில் நின்றுகொண்டே ஒரு நாவலில் பாதியைப் படித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். ஜீப், கிணற்றில் குதிக்கப்போகிறவன் மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. கமானில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு, அதை வண்டியோடு பிடிக்கும் கொண்டியையும் நீளமாக மாற்றியிருந்தார் மஸ்தான். "பாக எத்தினானு" என்றார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. சொல்லியிருக்கலாம். அரைமணி நேரத்தில் கழற்றியிருப்பார். ஆனால் பக்கத்தில் நெல்லூர் நம்பர் வண்டிக்காரர் ஒருவர் நின்றுகொண்டு, ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, இதை எங்கே செய்தீர்கள், யார் யோசனை என்று மரியாதையாகக் கேட்டார். அதுவரை என் யோசனையை யாரும் கேட்டதில்லை. நானே சொல்லிச் செய்யவைத்தேன் என்றேன். செத்துப்போன ஷாக் அப்சார்பர்கள் செத்தபடியே இருந்தன. கமான் உயர்ந்ததில் அவற்றின் நீளமும் போதாமல் போனது. உதைக்கு வைத்தியம் பார்க்கப் போனவன், அந்த உதையை ஒரு சாண் மேலே ஏற்றி ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "இன்னாயா இது, பின்னாடி தூக்கிக்கினு நிக்குது? ஏணி எங்க?" என்றாள். இதுதான் இப்போது பேஷன் என்றேன். அவள் பழைய மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஏறுவதற்குப் படியாக ஜீப்பின் பின்னால் போட்டுவைத்தாள்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் அதை இறக்கவில்லை என்பது உனக்குப் புரியும். வெதுருகுப்பத்தைவிட்டு வெளியே வரும் வழியில் ஒரு பெரிய மாந்தோட்டம், சாலையோரம் நீளமாகச் சுவர். உன் தாத்தா அந்தத் தோட்டத்தில் காவல் இருந்தவர். நான் அவருக்குச் சோறு கொண்டுபோனால் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நம் தெருக்காரர்கள் உள்ளே போவது சீசனில் கூலிக்கு மட்டும். லாரி நுழையாத வழி அது; முப்பது வருடமாக அங்கே எனக்குத் தெரிந்தது சுவர். அன்று காலை ஜீப்பில் இருந்து சுவரைத் தாண்டி மரங்கள் தெரிந்தன. வரிசை வரிசையாக, வெள்ளையடித்த அடிமரங்கள், நடுவில் ஒரு பம்ப்செட் வீடு, அதன் மேல் காயப்போட்ட ஒரு சிவப்புத் துண்டு. அவ்வளவுதான் உள்ளே இருந்தது. நம் பரம்பரை அத்தனை காலம் முயன்று எட்டாத உயரத்தை ஒரு மெக்கானிக் தப்பாகக் காதில் வாங்கி அரைநாளில் கொடுத்துவிட்டார். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? நீ உன் வண்டியை உயர்த்திக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்று நான் ஏன் என்று கேட்காததற்குக் காரணம் இதுதான்.

இரண்டு சீசன் அப்படியே ஓட்டினேன். இரண்டாவது சீசனில், கார்வேட்டி நகரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் புதிதாக வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோடு போடாத மேடு; நான் பார்க்கவில்லை. பின்பக்கம் எகிறியது. பெண்கள் கத்தினார்கள். உன் அம்மா மேலே போய்ப் பலகையின் விளிம்பில் விழுந்தாள். நான் நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, நேரமாகிறது, ஓட்டு என்றாள். பேக்டரி வாசலில் இறங்கி நடந்துபோய், அன்றைக்கு முழுவதும் நின்றபடி பழம் அறுத்தாள். சாயங்காலம் வீட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாள். தைலம் வாங்கிக் கொடுத்தேன். நல்ல தைலமாகவே வாங்கினேன் என்று அப்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

சீசன் முடிந்த பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கும், இவர்களுக்கு அது நசுங்கியிருக்கிறது என்றார். நான் விழித்ததைப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஜீப் டிரைவர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இனி எளிதாக விளக்கிவிடலாம் என்று நினைத்திருப்பார். "உங்க ஜீப்புல ஷாக் அப்சார்பர் இருக்குதில்ல? அதுதான் இது. அது போச்சுன்னா வண்டி என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒரே வித்தியாசம், இதுக்கு ஸ்பேர் கிடையாது." அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் அவ்வளவு சரியாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே திருப்பதி போய், கூடுதல் பட்டைகளைக் கழற்றி, கொண்டியை மாற்றி, புது ஷாக் அப்சார்பர் போட்டு வந்தேன். போகவேண்டிய நாளில் இருந்து ஒன்றரை வருடம் தள்ளிப் போனேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று வழியிலேயே யோசித்து, குடத்தைக் கண்டுபிடித்தேன். உன் அம்மாவிடம் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. பல வருடம் கழித்து ஒருநாள், பிச்சாட்டூருக்குக் குடிவந்த பிறகு, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "அந்த செவுத்தாண்ட போகசொல்லோ நானும் எட்டிப் பாத்துக்கினுதான் வந்தேன். எனக்கும் புடிச்சிருந்துது. உன் ஒருத்தன் தப்புன்னு எப்பிடி சொல்றது?" என்றாள். என்னை மன்னிப்பதற்காகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவானாலும் எனக்குத் தகுதியில்லாதது.

இப்போது போன மாதத்துக்கு வா. எங்களைச் சத்தியவேட்டுக்கு அழைத்துப்போக நீ வந்தாய். அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்தாய். அந்த வகையில் நீ என்னைவிட நல்லவன். ஏறுவதற்குப் படி இல்லாததால் அவளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாய். அவள் கண்ணை மூடிக்கொண்டதை நீ சிரிப்பு என்று நினைத்தாய். நாகலாபுரம் தாண்டி ஒரு வேகத்தடை வந்தபோது, பிரேக்கைத் தொடாமல் ஏற்றி இறக்கி, 'பாரும்மா, தெரிஞ்சிதா உனக்கு?' என்று கேட்டாய். 'தெரியலடா' என்றாள். உயர்த்திய வண்டியில் பழைய ஷாக் அப்சார்பர். பின் சீட்டில் இருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

சத்தியவேட்டில் நீ வேலைக்குப் போயிருந்த அந்த இரண்டு பகலும் அவள் எழுந்திருக்கவில்லை. வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தது லாவண்யா. குளிக்கும் அறைக்குத் தோளில் தாங்கிக் கூட்டிப்போனது லாவண்யா. நீ வரும் நேரத்துக்கு அம்மாவுக்குத் தலை வாரி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் டீ போட்டதும் அவள்தான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா அவளிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் சத்தியம் வாங்கினாள். பிறகு நீ அம்மாவிடம் அந்தப் பெண்ணைக் காரணம் காட்டிச் சண்டை போட்டாய். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றபோதும் லாவண்யா வாய் திறக்கவில்லை. நம் குடும்பத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் நீ ஒரே போன் காலில் நோகடித்தாய். என் மகன் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

பிச்சாட்டூருக்குத் திரும்பியதும் உன் அம்மாவிடம் கேட்டேன், அவனிடம் சொல்லிவிட்டால் என்ன என்று. "புள்ள ஆசையா வண்டிய ஒசத்திக்கினு வந்துகிறான். அத்தப்போய் கொறைக்க சொல்லுவியா நீ?" என்றாள். அப்படியானால் பஸ்ஸில் போய்வரலாமே என்றேன். பிள்ளையின் வண்டி வாசலில் நிற்கும்போது பஸ்ஸில் போனால் அவன் மனசு என்ன ஆகும் என்றாள். வண்டியில் வர முடியாது, வர முடியாது என்று சொல்லவும் முடியாது. ஆகவே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் குடம் செய்தேன், அவள் தண்ணீரைச் செய்தாள். இந்தப் பொய்யை நானும் காப்பாற்றினால், இருக்கப்போகிற கொஞ்ச வருடமும் நீ ஒரு ஊரில், அவள் ஒரு ஊரில் என்று போய்விடும். அதனால் அவளிடம் கொடுத்த வாக்கை மீறி எழுதுகிறேன். வாக்கு மீறுவது எனக்குப் புதிதல்ல. சரியான காரணத்துக்காக மீறுவது இதுதான் முதல் தடவை.

நீ வண்டியை இறக்க வேண்டாம். படித்து முடித்ததும் உனக்கு முதலில் அதுதான் தோன்றும், செய்யாதே. செய்தால் அவளுக்குத் தெரிந்துபோகும், நான் சொல்லிவிட்டேன் என்றும், நீ விட்டுக்கொடுத்தாய் என்றும். உயரத்தில் தப்பில்லை. உயரத்துக்குக் கீழே என்ன வைக்கிறோம் என்று பார்க்காததுதான் என் தப்பு. அளந்து சிவப்பைப் போடு. டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கு. கல் மாதிரி அடித்துவைத்திருக்கிறாய். இடதுபக்கக் கதவுக்குக் கீழே அகலமாக ஒரு படி வை. யாராவது கேட்டால் லாவண்யாவுக்கு என்று சொல். அம்மாவுக்குப் போன் செய்து, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல். மன்னிப்பு முதலில் லாவண்யாவிடம் கேள். வீட்டில் நேரில் கேள்.

போட்ட ஷாக் அப்சார்பர் சரியா என்று கண்டுபிடிக்கும் வழியை எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான். நான் சொல்கிறேன். அந்த இரண்டு சீசனில் உன் அம்மா ஜீப்பில் பேசும்போது நடுநடுவே நிறுத்திப் பேசுவாள். பாதி வாக்கியம் வரும், நிற்கும், மீதி வரும். சொல்லைத் தேடிப் பேசுகிறவள் என்று நினைத்து நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். ஜீப்பை இறக்கிய முதல் நாள், வெதுருகுப்பத்தில் ஆரம்பித்த வாக்கியம் சித்தூர் வரை நிற்காமல் வந்தது. அவள் ஒருநாளும் சொல் தேடவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவளை முன் சீட்டில் உட்காரவைத்து, மெதுவாக ஓட்டு. வலிக்கிறதா என்று கேட்காதே, இல்லை என்பாள். என்னைப் பற்றிக் கேள். நான் செய்த தப்புகளை அவள் சொல்ல ஆரம்பித்தால் நாகலாபுரம் போதாது. அந்த வேகத்தடை வரும்போது சாலையைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் அவள் பக்கம் வை. பேச்சு நின்றால் அங்கேயே வண்டியைத் திருப்பு, கடையில் விட்டு மாற்று, அடுத்த ஞாயிறு திரும்ப வா. நிற்காமல் திட்டிக்கொண்டே சத்தியவேடு வந்து சேர்ந்தாள் என்றால், எங்கள் பெட்டிகளை அடுத்த தடவை வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். பெட்டிகளுக்கு எந்த ஷாக் அப்சார்பரும் போதும்.

உன் நைனா